துரை என்ற பெயர்

மூளைக்காய்ச்சல் இறங்கிய பிறகு மிருதுளாவிடம் பொருள்கள் எல்லாம் இருந்தன, பெயர்கள்தான் இல்லை. குக்கரைப் பார்த்தால் பருப்புக்கு எத்தனை விசில் விட வேண்டும் என்று தெரிந்தது. அதன் பெயரைக் கேட்டால் உதடு அசையாமல் நின்றது. எதிரே உட்கார்ந்திருப்பவன் தன் கணவன் என்று தெரிந்தது. நவநீதன் என்று கூப்பிட வரவில்லை.

கோயம்புத்தூரில் அவளுக்கு வைத்தியம் பார்த்த நரம்பியல் மருத்துவமனையில், அவளுடைய வலது காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஒரு சிப் பொருத்தினார்கள். காய்ச்சல் அறுத்துவிட்ட பாதைகளுக்கு அது பாலம். ஒரு பெயரை எடுத்து, மூளைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளோடு கோக்கும். கோக்கும் வேலையை ஆஸ்பத்திரி ஆட்கள் தினமும் வந்து செய்ய முடியாது. அதனால் வீட்டில் ஒருவருக்கு அந்தச் சிப்பின் மொழியைக் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். குழந்தை இல்லாத வீடு. கற்றுக்கொள்ள நவநீதனைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவன் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு பொறியாளன். கணினி அவனுக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த மொழியின் எளிமை அவனைத் திகைக்க வைத்தது. இடது பக்கம் ஒரு பெயர், நடுவில் ஒரு சமக்குறி, வலது பக்கம் அந்தப் பெயர் எதைக் காட்ட வேண்டுமோ அது. மிருதுளா தம்ளரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கையடக்கத் திரையில் 'தம்ளர் = இது' என்று அடிக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த நொடி அவள் தம்ளர் என்பாள்.

கற்றுக்கொடுத்தவள் அபர்ணா என்ற இளம் பொறியாளர். நவநீதனின் தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவிக்கும் ஒரு வேலைதான். அழுத்தமானி மின்னழுத்தம் காட்டாது. அந்தப் பழக்கத்தில், ஆளுக்கான பெயர் எது, சாமானுக்கான பெயர் எது என்று முதலிலேயே பிரித்து எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டான்.

"வேண்டாம் சார். சில மொழி அப்படிக் கேக்கும். இது கேக்காது," என்றாள் அபர்ணா. "கணக்குல மாறின்னு படிச்சிருப்பீங்களே, அதேதான் இந்தப் பேரு. ஆனா டப்பான்னு நினைச்சுக்காதீங்க. விரல்னு நினைச்சுக்குங்க. இன்னைக்கு ஒரு ஆளைக் காட்டும். நாளைக்கு அதே பேரு ஒரு ஊரைக் காட்டலாம், பாட்டைக் காட்டலாம். பேரை மட்டும் பார்த்து அது எதைக் காட்டுதுன்னு உங்களால சொல்ல முடியாது."

"அப்பத் தெரிஞ்சுக்கறது எப்படிங்க?"

"கேக்கணும். வகைன்னு போட்டுப் பேரைக் குடுத்தீங்கன்னா சொல்லும். கேக்காம அதுவா சொல்லாது."

இன்னும் இரண்டு விஷயங்களை அவள் அழுத்திச் சொன்னாள். எந்தப் பெயரும் காட்டாத பொருளைச் சிப் வைத்திருக்காது. ஓரிரு நாளில் அந்தப் பாதைக்குத் துடிப்பு அனுப்புவதை நிறுத்திவிடும், அதன்பின் பாதை காய்ந்துவிடும். ஆகவே, நாம் வைக்காமல் நோயாளிக்குத் தானாகத் திரும்பி வரும் பெயர்களில் மட்டும் கை வைக்கக் கூடாது. அவை எதைக் காட்டுகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த புதிதிலேயே நவநீதன் ஒரு தவறு செய்தான். பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா வந்தபோது 'தங்கம் = இது' என்று அடித்தான். மறுவாரம் மிருதுளா வளையலைத் தொட்டுக் காட்டிக் கேட்டபோது அதையே மறுபடி அடித்தான். திரை மறுப்புச் சொல்லவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் ரசம் கொண்டுவந்த அக்காவை மிருதுளா பெயரற்ற ஓர் ஆளாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'தங்கம் அக்கா' என்று இன்னொரு பெயர் வைத்து உடனே சரிசெய்தான். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவை நல்ல நாள்கள். அவளுக்குள் போகும் ஒவ்வொரு சொல்லும் தன் கைவழியாகப் போவதில் அவனுக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது. மல்லி, சீரகம், ஜன்னல், மழை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. அவள் கல்லூரிக் காலம் எப்படி இருந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏதோ விளையாடுவாள் என்று பெண் பார்த்த அன்று யாரோ சொன்னார்கள். அவனுடைய அம்மா அதெல்லாம் இனி எதற்கு என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு மத்தியானம் பிசியோதெரபிக்காரர் வலது கையால் மணல் மூட்டையைத் தூக்கச் சொன்னார். பாதி தூக்கியதும் கை நடுங்கியது. நவநீதன் தாங்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையைத் தோளுக்கு மேல் கொண்டுபோனாள். இறக்கிவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"துரைக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லீங்க," என்றாள்.

அவன் அந்தப் பெயரை வைக்கவில்லை. எந்தத் துரை என்று கேட்டான். சொல்வதற்கு அவளிடம் சொற்கள் இன்னும் போதவில்லை.

"துரைன்னா... துரைதான். இப்படி," என்று முதுகை நிமிர்த்தி, தோள்களை விரித்து, தலையைச் சற்றே உயர்த்திக் காட்டினாள். ஓர் ஆணின் தோள்கள் அவனுக்குத் தெரிந்தன. அதைவிட, காட்டியபோது அவள் முகத்தில் ஏறிய வெளிச்சம் தெரிந்தது. நவநீதன் என்று அவள் சொல்லும்போது அது தெருப்பலகையைப் படிப்பதுபோல் பிழையில்லாமல் வரும். துரை என்பது நெஞ்சிலிருந்து வந்தது.

அதன்பின் அந்தப் பெயர் அடிக்கடி வந்தது. விடுதியில் தண்ணீர் வராத நாளில் துரை சுவரேறிக் குதித்துப் போய் வால்வைத் திறந்தது. பஸ்ஸில் ஒரு சின்னப் பெண்ணைச் சீண்டிய கண்டக்டரை டிப்போ வரைக்கும் விடாமல் போய் மன்னிப்புக் கேட்க வைத்தது. அவள் திக்கித் திக்கி, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். பெண்கள் விடுதிச் சுவரை ஏறிக் குதிக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று நவநீதனுக்கு வயிறு எரிந்தது. தாராபுரத்திலிருந்த மச்சானுக்குப் போன் செய்து சுற்றிவளைத்து விசாரித்தான். தங்கள் சொந்தத்திலோ பழக்கத்திலோ அப்படி யாரும் இல்லை என்றார் மச்சான். குடும்பத்துக்கே தெரியாதவன் என்று ஆகிவிட்டது.

தனக்குத் தெரிந்த துரைகளை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். இன்சூரன்ஸ் துரைராஜுக்குத் தோள்களே கிடையாது. பீளமேட்டில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் துரையின் முகத்தை, பார்சல் வாங்கும் சாக்கில் போய் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தான். வேலையில் ஒரு பம்ப்பைத் தப்பான அழுத்தத்தில் தேற விட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கினான். சொற்களையெல்லாம் கொடுத்தவன் தான். அவள் சொந்தமாகக் கொண்டுவந்த முதல் சொல் வேறொருவன்.

வகை என்று போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த இரண்டெழுத்தைப் பல தடவை அடித்து அழித்தான். ஆள் என்று பதில் வந்துவிட்டால் பிறகு அது சந்தேகம் இல்லை, உண்மை. உண்மையோடு சாப்பிட்டு, உண்மையோடு தூங்க வேண்டும். கேட்காதவரையில் அவனிடம் வேறொரு வழி இருந்தது.

ஒருநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவன் திரையை எடுத்து அடித்தான்.

துரை = நவநீதன்

திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரிக்காகக் காத்திருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் அவனைப் பார்த்து அப்படியே நின்றாள். காணாமல் போனவனைக் கண்டதுபோல் அந்த வெளிச்சம் முகத்தில் ஏறியது.

"எங்க போயிட்ட துரை நீ?" என்றாள்.

நீ. இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிச் சொன்னதில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் சில வாரங்கள் அவன் தரையில் நடக்கவில்லை. சாப்பிடும்போது அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் கதையை அவனிடமே சொன்னாள், நீ அன்னைக்கு அவனை விடவே இல்லையே என்று. சேலத்தில் ஏதோ ஒரு போட்டியில் கட்டுப்போட்ட விரலோடு நீ அடித்த அடி என்றாள். அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான். ஒருமுறை தானாகவே, ஆமாம், விரல் ரொம்ப வலித்தது என்றுகூடச் சொன்னான்.

ஆனால் மணல் மூட்டை மேலே போகவில்லை. பாதியில் கை நடுங்கினால் அவள் நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். நீதான் இருக்கிறாயே என்றாள். பரண்மேல் இருந்த தகர டப்பாவைக் காய்ச்சலுக்குப் பிறகும் தானே எட்டி எடுத்தவள், இப்போது அவன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தாள். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரரிடம் ஒன்றும் பேசாமல் கேட்டதைக் கொடுத்தாள். கையின் பலம் குறைந்துகொண்டே வருகிறது, மூளையில் கோளாறு எதுவும் தெரியவில்லை, மனதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார் பிசியோதெரபிக்காரர்.

நவநீதனுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. அவள் பார்வை அவன்மேல் இருக்கும்போதே, அது தன்னைத் தாண்டி வேறு யாரையோ பார்க்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. இன்னொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவனுக்கு வரும் மரியாதையை வாங்கிக்கொண்டிருக்கிறோம். அவள் நேசிப்பது சுவரேறிக் குதித்தவனை. பம்ப் சோதிக்கிறவனை அல்ல. இப்போது அந்தத் துரைமேல் அவனுக்கு முன்னைவிடப் பொறாமை அதிகமானது. முன்பாவது எதிராளி வெளியே இருந்தான்.

மஸ்கட்டில் ஆசிரியையாக இருந்த ரெஜினா விடுமுறைக்கு வந்த இடத்தில்தான் மிருதுளாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதைக் கேள்விப்பட்டாள். பொள்ளாச்சியில் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். நெடுநெடுவென்று உயரமான பெண். காரைவிட்டு இறங்கிக் கேட்டைத் திறக்கும்போதே, "டேய் துரை" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

மிருதுளா திரும்பி நவநீதனைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க துரை."

ரெஜினா சிரித்தாள். அண்ணனுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டாயா என்றாள். துரை எப்போதும் துரைதானே, புதிதாக எதைக் கொடுக்க என்றாள் மிருதுளா. கிண்டல் இல்லை அது. ரெஜினாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நவநீதன் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, இவதான் துரை," என்றாள். "காலேஜ் முடியற வரைக்கும் இவளை வேற பேர்ல யாரும் கூப்பிட்டதே இல்ல. வார்டன் முன்னாடிகூடத் துரை மாதிரி நடந்து வருவா. அதுல வந்த பேரு. எங்க வாலிபால் டீமுக்கு இவதான் கேப்டன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் அணைக்கவில்லை; அவள்தான் அணைத்தாள். சுவரேறிக் குதித்து வால்வைத் திறந்தது யார் என்று கேட்டான். இவள்தான் என்றாள். கண்டக்டரை டிப்போ வரைக்கும்? இவள்தான். சேலத்தில், கட்டுப்போட்ட விரலோடு?

"இவதாண்ணா. ஏன், உங்ககிட்டச் சொன்னதே இல்லையா?"

சொன்னதில்லை. கேட்டதும் இல்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனான். அபர்ணா சிப்பின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பெயர் என்ன வகையாக இருந்தது என்பது அதில் இருக்கும். அவன் கைவைத்த காலைக்கு முன்பு அந்தப் பெயருக்கு நேரே 'தான்' என்று இருந்தது. அதற்குப் பின் 'ஆள்' என்று இருந்தது.

"தான்னா?"

"அவங்களேதான் சார். அந்த வயசுல அவங்க எப்படி இருந்தாங்களோ அது. தைரியம், கைப்பழக்கம், எல்லாம் அந்தப் பேர்லதான் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நடந்த கதையெல்லாம் வேற இடத்துல பத்திரமா இருக்கு. கதையில வர்ற துரை யாருன்னு கேட்டா இப்ப அது உங்களைக் காட்டுது."

திரும்ப வைக்க முடியாதா என்றான். வலது பக்கம் எழுத இப்போது ஒன்றுமே இல்லை என்றாள். வேறு எந்தப் பெயரும் அதைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. பாதை காய்ந்துபோய்ப் பல நாளாயிற்று.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருக்கும் சார்."

"கேக்கப் பயமா இருந்துச்சுங்க," என்றான்.

அவள் அவனைத் திட்டவில்லை. மிருதுளாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது கூட இருப்பதாகச் சொல்லி, மறுநாள் வீட்டுக்கே வந்தாள். ரெஜினாவும் இருந்தாள்.

நவநீதன் சொன்னான். தங்கம் அக்கா கதையிலிருந்து ஆரம்பித்து, பரோட்டாக் கடைக்குப் போனது, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடித்த அந்த வரி, பிறகு விரல் வலித்தது என்று பொய் சொன்னது, எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை மிருதுளா அவனைத் துரையைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் அழவில்லை. சுவரேறியதை ரெஜினாவிடம் மறுபடி சொல்லச் சொன்னாள். ரெஜினா சொன்னாள். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று கேட்டாள். அதற்கும் ரெஜினாவிடம் பதில் இருந்தது. மிருதுளா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பொறாமையா இருக்கு," என்றாள்.

யார்மேல் என்று அபர்ணா கேட்டாள்.

"அவ மேலதான். துரை மேல. எவ்வளவு நல்லா இருந்திருக்கா." பிறகு ரெஜினாவைக் காட்டினாள். "இவ மேலயும். இவகிட்ட இருக்கு. எங்கிட்ட இல்ல."

இனி அந்தப் பெயரை என்ன செய்யலாம் என்று மிருதுளாவே கேட்டாள். அபர்ணா இரண்டு வழிகள் சொன்னாள். பெயரையே நீக்கிவிடலாம், அப்போது துரை என்று நினைத்தாலே, அப்படி ஒன்று கிடையாது என்று சிப் திருப்பி அனுப்பிவிடும். இல்லாவிட்டால் வெறுமை என்று வைக்கலாம்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க," என்றாள் அபர்ணா. "வெறுமைன்னு வச்சா பேரு இருக்கும். எதையும் காட்டாது, அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் எதையாவது வைக்கணும்னா வைக்கலாம்."

நவநீதனால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

"இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே மிருது. நீ சந்தோஷமாத்தானே இருந்தே."

"இருந்தேன்," என்றாள் அவள். "யாரைப் பார்த்து?"

அபர்ணா திரையை எடுத்தாள். மிருதுளா அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்துகளைத் தேடித் தேடி, ஒற்றை விரலால், தானே அடித்தாள்.

துரை = வெறுமை

நிமிர்ந்து நவநீதனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வீட்டில் விளக்குகள் ஒவ்வோர் அறையாக அணைவதுபோல் அந்த வெளிச்சம் இறங்கிப் போனது. எதிரே இருந்தவன் தன் கணவன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் பெயர் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் தெரிந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

திரையில் எழுதும் உரிமை இனி யாருக்கு என்று அபர்ணா கேட்டாள். எனக்கு மட்டும் என்றாள் மிருதுளா. மாற்றிக் கொடுத்துவிட்டு அபர்ணா கிளம்பினாள். ரெஜினா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். மிருதுளா தலையணையை எடுத்து அவளுக்கு முதுகுக்குக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து சொல்லு என்றாள். பிறகு இன்னும் அறையில் நின்றுகொண்டிருந்த நவநீதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். கூடத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. உள்ளே ரெஜினாவின் குரல் தணிந்து நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. நடுவில் மிருதுளா ஏதோ கேட்டாள். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.